பி.காம். படிக்கிறவருக்கு எதற்கு உலக அரசியல்?

2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஆடிப்போயின. அந்த வரியில் பாதி, ரஷ்யாவிடம் இந்தியா கச்சா எண்ணெய் வாங்கியதற்காகப் போட்டது. எங்கோ நடக்கும் உக்ரைன் போர் இங்கே தையல் மெஷினை நிறுத்துகிறது என்றால், ஏற்றுமதி பில் போடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

போதாது என்கிறவர்களுக்கான பாடம்தான் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ். வெளியுறவு, போர், வர்த்தகம், எல்லை, அகதிகள், ஐ.நா. எல்லாம் இதில் வரும். இதையே முழு டிகிரியாகப் படிக்காமல், மெயின் பாடத்தோடு சேர்த்து எடுத்தால் அது மைனர். (மாப்பிள்ளை மைனர் வேறு!)

யுஜிசி 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் திட்டக் கணக்குப்படி, மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட். அதில் மைனருக்கு 24. ஒரு கிரெடிட் என்பது 15 மணி நேர வகுப்பு, அதாவது மொத்தம் 360 மணி நேரம். நான்கு வருடம் படித்தால் 160-ல் 32.

ஆனால் நம் ஊரில்? புதிய கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. இங்கே இருப்பது அலைட் பாடம். அதைப் பெரும்பாலும் மாணவர் தேர்ந்தெடுப்பதில்லை, துறையே முடிவு செய்துவிடும். வேறு துறைப் பாடம் எடுக்க 'நான்-மேஜர் எலெக்டிவ்' உண்டு. ஓரிரு பேப்பரோடு அதுவும் முடிந்துவிடும். அசோகா, ஃப்ளேம் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் மைனர் இருக்கிறது. ஃபீஸ் வருடத்துக்குப் பல லட்சம். திருத்தணியிலிருந்து காலை ரயிலைப் பிடித்து சென்னைக் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளைக்கு அது கதைக்கு ஆகாது.

இத்தனைக்கும் திருத்தணிக்காரருக்கு எல்லைப் பிரச்சினையைப் புத்தகம் வைத்துச் சொல்லித்தரவே வேண்டாம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போனது. ம.பொ.சி. தலைமையில் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959-ல் நாடாளுமன்றச் சட்டம் என்று இழுத்து, 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. பதிலுக்கு சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குப் போனது. இன்று அந்தப் பக்கம்தான் ஸ்ரீசிட்டி. ஜப்பானின் இசுசு, டைக்கின் தொழிற்சாலைகள் அங்கே ஓடுகின்றன. இந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய். மொழி, மக்கள்தொகை, பேரம், இழப்பு, அந்நிய முதலீடு... உலக எல்லைத் தகராறுகளில் வருகிற சங்கதிகள் பலவும் மலையடிவாரத்திலேயே கிடைக்கின்றன.

இந்த ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் படித்தது தத்துவம். அதுகூட, உறவினர் ஒருவர் படித்து முடித்த புத்தகங்கள் கையில் கிடைத்ததால் எடுத்தது என்பார்கள். அவர்தான் 1949-ல் மாஸ்கோவுக்கு இந்தியத் தூதராகப் போனார், ஸ்டாலினைச் சந்தித்தார். மேஜர் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் இன்னொன்று.

சரி, இதைப் படிச்சா வேலை கிடைக்குமா? மைனரை மட்டும் காட்டி யாரும் வேலை வாங்க முடியாது, அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை. யுபிஎஸ்சி எழுதுகிறவருக்கு மெயின்ஸ் பொதுப்பாடம் இரண்டாம் தாளில் சர்வதேச உறவுகள் வருகிறது. அது நேரடி லாபம். மற்றவர்களுக்கு மெயின் பாடம்தான் சோறு போடும். பி.காம்.காரர் இதோடு வர்த்தக ஒப்பந்தங்களைப் பிடித்துக்கொண்டால் ஏற்றுமதி நிறுவனத்தில் பேச்சு எடுபடும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரருக்கு டேட்டா சட்டங்கள், சிப் தகராறு. கூடவே கொரிய மொழியோ ஜப்பானிய மொழியோ தெரிந்தால் இன்னும் நல்லது. 'உலக அரசியல் அறிமுகம்' என்று ஆறு பேப்பர் மேலோட்டமாக எழுதிவிட்டு வந்தால் டீக்கடையில் பேசலாம், அவ்வளவுதான்.

கல்விக் கொள்கைச் சண்டை தனி. மாணவர் விரும்பும் இரண்டாம் பாடத்தைக் கொடுக்க நான்காவது வருடமும் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். அலைட் பாடத்தை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு ஒரு வரியை மாற்றினால், அரசியல் அறிவியல் துறை இருக்கிற கல்லூரிகளிலாவது இதைத் தொடங்கிவிடலாம். துறையே இல்லாத கல்லூரிகளுக்கு ஸ்வயம் இணையப் பாடங்கள் உண்டு. ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை அதிலிருந்து எடுக்க யுஜிசி 2021-லேயே வழி விட்டிருக்கிறது. பல்கலைக்கழகம் கிரெடிட்டை ஏற்கணும், அதுதான் பாக்கி.