அதிபர் நாற்காலியும் ஆசிரியரின் நெஞ்சுரமும்

பரீட்சைப் பெறுபேறு தாழ்ந்தால் ஆசிரியரைப் பழிக்கின்றோம். பிள்ளை இடையில் விலகினாலும் அவரையே பழிக்கின்றோம். அந்த ஆசிரியர் தம் தொழிலில் நம்பிக்கை கொள்ளுதற்கேற்ற நிலையை அதிபர் ஆக்கிக் கொடுத்தாரா என எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கின்றோம்.

ஊவாவின் ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளின் பழைய வரலாறு யாவரும் அறிந்ததே. லயத்தின் ஓரத்தில் ஓர் அறை. ஐந்து வகுப்புக்கும் ஓர் ஆசிரியர். அவருக்கு மேலே தோட்டத்துரை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1970களின் பிற்பகுதியிலேதான் அவை அரசின் கைக்கு வரத் தொடங்கின. துரை போனார், ஆனால் துரைத்தனம் போயிற்றா? ஆசிரியரை ஏவலாளாக எண்ணும் வழக்கம் சில அதிபர் நாற்காலிகளில் இன்னும் குந்தியிருக்கின்றது என்பதை யார் மறுப்பர்?

தன்னால் இயலும் என்னும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கின்றது என்பதை உளவியலறிஞர் அல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். தானே செய்து கண்ட வெற்றி, பிறர் செய்வதைக் கண்டு பெறும் துணிவு, பிறர் கூறும் ஊக்கமொழி, அச்சமும் சோர்வும் அற்ற மனநிலை என நான்கு ஊற்றுக்களை அவர் காட்டினார். பாடசாலையில் இந்நான்கின் மடையும் அதிபர் கையிலேயே உள்ளது. புதியவருக்கு ஏற்ற வகுப்பை ஒப்படைப்பவர் அவர். மூத்தவரின் பாடத்தை இருந்து காண வழி செய்பவர் அவர். பலரறியப் பாராட்டித் தனியே திருத்த வேண்டியவரும் அவரே. மடையை அடைத்துவிட்டுப் பயிர் வாடியதேன் என்று கேட்கும் உழவனும் உண்டோ?

2015ஆம் ஆண்டில் மலையக இளைஞர் பலர் ஆசிரியர் உதவியாளராயினர். தொடக்கத்தில் அவர்தம் மாதக் கொடுப்பனவு வெறும் 6,000 ரூபாய். அத்தகையோருக்கு அரசு அளிக்கத் தவறிய மதிப்பைப் பாடசாலையேனும் அளித்திருக்க வேண்டாமா? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுள் புதைந்தது. உற்றாரை இழந்த பிள்ளைகளின் முன்னே மீண்டும் பாடநூலைத் திறப்பதற்கு ஆசிரியருக்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! தோள்கொடுக்கும் அதிபரின்றி அது எவ்வாறு வரும்?

அதிபரை மட்டும் பழித்தல் நீதியன்று. நிரந்தர நியமனமின்றிக் கடமை பார்ப்பவரும், எழுதுவினைஞர் இன்றிக் கடிதக் கட்டுக்களில் மூழ்கியவரும் வகுப்பறைப் பக்கம் எப்போது செல்வர்? தம் பதவியே உறுதியற்றவர் பிறருக்கு உறுதி ஊட்டுவது அரிது.

யாவர்க்கும் சமமான கல்வி வாய்ப்பு என்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதை நீதிமன்றில் வலியுறுத்த இயலாதென 29ஆம் உறுப்புரை கதவடைக்கின்றது. வழக்காட வழியில்லையெனில் மக்கள் மன்றமே நமக்கு மன்றம். தோட்டப் பாடசாலைகளின் அதிபர் வெற்றிடங்களைத் தகுதியுடையோரைக் கொண்டு நிரந்தரமாய் நிரப்புக. ஆசிரியருக்கு வழிகாட்டும் பயிற்சியை அவ்வதிபர்க்கு அளிக்குக. அலுவலகச் சுமையைக் குறைக்குக என மாகாண ஆட்சியைக் கேட்போம்.

உழவர்களே, உத்தியோகத்தர்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். கட்டடம் எப்போது வரும் என்று கேட்கும் அதே வாயால், எங்கள் ஆசிரியர் தலைநிமிர்ந்து வகுப்புக்குள் நுழைகின்றாரா என்றும் கேளுங்கள். தலைகுனிந்த ஆசிரியரிடம் கற்கும் பிள்ளை தலைநிமிர்வது எங்ஙனம்?