"ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்ற அண்ணன்களுக்கு

தாய்லாந்துல நாலஞ்சு மாசம் தங்கலாம்னு கிளம்புற நம்ம ஆளுங்களுக்கு, டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே இலவசமா ஒண்ணு கிடைச்சிடும். "ஒண்ணும் ஆகாது பாஸ், அங்கெல்லாம் யாரு கேக்கறா?" சொல்றவர் ரெண்டு தடவை போய்ட்டு வந்தவரா இருப்பார். ஒரு தடவை நாலு நாள் கூடுதலா தங்கி, ஏர்போர்ட்ல 2000 பாட் கட்டி, ரசீதோட ஊர் வந்து சேர்ந்த வீரரா இருப்பார். அந்த ரசீதுதான் அவரோட சட்டப் படிப்பு.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, வரைகலை வேலை செய்யறவன், இந்தப் படிப்பை நம்பித்தான் 2023 நவம்பர்ல பாங்காக் போனான். ஏஜென்ட் கையில கொடுத்தது பல முறை போய்வரும் டூரிஸ்ட் விசா. "ஆறு மாச விசா, ஜாலியா இருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டார். ஆறு மாசம்ங்கிறது அந்த விசாவைப் பயன்படுத்தி *உள்ளே நுழையறதுக்கான* காலம். ஒவ்வொரு தடவை நுழையும்போதும் தங்க அனுமதி 60 நாள்தான். அந்தத் தேதி விசாவில் இருக்காது, பாஸ்போர்ட்ல குத்தற முத்திரையில இருக்கும். தம்பி முத்திரையைப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கணும்? ஆறு மாச விசா ஆச்சே!

2024 பிப்ரவரியில பட்டாயாவில் ராத்திரி பைக் சோதனை. ஹெல்மெட் போடாததுக்குத்தான் நிறுத்தினாங்க. பாஸ்போர்ட் கேட்டாங்க. 38 நாள் தாண்டியிருந்தது.

இப்ப கணக்கைக் கவனிங்க. ஓவர்ஸ்டேக்கு ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம். அதே 38-வது நாள் அவனே விமான நிலையத்துக்குப் போய் நின்னிருந்தா 19,000 பாட் கட்டிட்டு, திட்டு வாங்கிட்டு, விமானம் ஏறியிருக்கலாம். தடை கிடையாது. ஆனா பிடிபட்டா கதையே வேற. 2016 மார்ச் 20-லேர்ந்து இருக்கிற விதி இது: ஒரு வருஷத்துக்குக் குறைவா ஓவர்ஸ்டே பண்ணி *பிடிபட்டா* 5 வருஷம் உள்ளே வர முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல போயிருந்தா 10 வருஷம். பிடிபட்டது ஒரு நாள் தாண்டினப்பவா, முந்நூறு நாள் தாண்டினப்பவாங்கிற வித்தியாசமெல்லாம் அதுல இல்லை.

தானா போய் நின்னாலும் 90 நாளைத் தாண்டியிருந்தா 1 வருஷத் தடை. ஒரு வருஷம் தாண்டினா 3, மூணு வருஷம் தாண்டினா 5, அஞ்சு வருஷம் தாண்டினா 10.

இதை எந்த அண்ணனும் சொல்றதில்லை. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் "அதிகபட்சம் 20,000 பாட் தான்"ங்கிற ஒரு வரி. அந்த வரி உண்மைதான், அதுதான் கொடுமை! 40 நாள்ல அபராதம் 20,000-ஐத் தொட்டு நின்னுடும். அதுக்கு மேல எத்தனை நாள் இருந்தாலும் அதே தொகை. உடனே நம்மாளு மனக்கணக்கு போடறார்: "அப்ப நாப்பது நாளும் ஒண்ணு, நானூறு நாளும் ஒண்ணு". என்னமோ மேன்ஷன் வாடகை மாதிரி. ஓவர்ஸ்டே அங்கே குற்றம். குடிவரவுச் சட்டத்துல அதிகபட்சம் ரெண்டு வருஷச் சிறைக்கு இடம் இருக்கு.

தம்பி ஒன்பது நாள் பாங்காக் சுவான் ப்ளூ தடுப்பு மையத்துல இருந்தான். திரும்பி வர்ற டிக்கெட் காசும் அவனோடதுதான், அரசாங்கம் ஏத்தி அனுப்பும்னு நினைச்சுக்காதீங்க. அப்பா இங்கே சங்கிலியை வெச்சுப் பணம் அனுப்பினார்.

அண்ணன்களோட அடுத்த தத்துவம் "எல்லையைத் தொட்டுட்டு வா". இது நம்ம தத்துவமே இல்லை, வெள்ளைக்காரங்க கிட்டேர்ந்து இரவல் வாங்கினது. அவங்க காலையில வேன்ல கிளம்பி, எல்லையைத் தாண்டி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து இலவசமா புது முத்திரை வாங்கின காலம் ஒண்ணு இருந்தது. இந்திய பாஸ்போர்ட்டுக்கு அப்ப என்ன கிடைச்சது? 15 நாள் விசா ஆன் அரைவல். 2016-லேர்ந்து அதுக்குக் கட்டணம் 2000 பாட். நமக்கு விசா விலக்கே 2023 நவம்பர்லதான் வந்தது, முதல்ல 30 நாள், 2024 ஜூலையில 60. மலேசியா நம்மளை விசா இல்லாம விட ஆரம்பிச்சது 2023 டிசம்பர்ல. ஆக அவங்க இருபது வருஷமா எழுதி வெச்ச வழிகாட்டியைப் படிச்சுட்டு நாம கிளம்பறது, அடுத்தவன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டற மாதிரி.

அவங்களுக்கே அது நிலைக்கலை. 2006-ல ஆறு மாசத்துக்கு 90 நாள்தான்னு ஒரு கட்டுப்பாடு வந்தது. 2014-ல எல்லை ஓட்டக்காரங்களைத் திருப்பி அனுப்பினாங்க. 2016 கடைசியில, விசா இல்லாம தரைவழியா வர்றது வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்னு வரம்பு வெச்சாங்க. 2025-ல சண்டை வந்து கம்போடியா எல்லைக் கதவுகளையே மூடிட்டாங்க. "போன வருஷம் நான் அந்த வழியாத்தான் போனேன்"னு சொல்றவர் பேச்சைக் கேட்டுப் பஸ் ஏறலாமா? நாள் கணக்கு எப்ப வேணா மாறும். கிளம்பற வாரம் தாய் தூதரகத் தளத்துல பாருங்க, என்னையும் நம்பாதீங்க.

சரி, நேர்மையா தங்கறவன் மாட்டறது எங்கே? மூணு இடம் எனக்குத் தெரியும். குடிவரவு அலுவலகத்துல 1900 பாட் கட்டி நீட்டிப்பு வாங்கிட்டு, நடுவுல சிங்கப்பூர் கல்யாணத்துக்குப் போவார். போறதுக்கு முன்னாடி மறு நுழைவு அனுமதி (ஒரு தடவைக்கு 1000 பாட்) வாங்காம போனா, விமானம் ஏறின நிமிஷமே நீட்டிப்பு காலி. ரெண்டாவது, 90 நாள் அறிக்கை. அது "இங்கேதான் இருக்கேன்"னு சொல்றது, அவ்வளவுதான். அதைக் கொடுத்தா இன்னொரு 90 நாள் கிடைச்சதா நினைச்சு ஓவர்ஸ்டே ஆனவங்க இருக்காங்க. மூணாவது டி.எம்.30. வெளிநாட்டுக்காரர் தங்க வந்த 24 மணி நேரத்துக்குள்ள வீட்டுக்காரர் கொடுக்க வேண்டிய தகவல் அது. கொடுக்காம விட்டது அவரா இருக்கும், நீட்டிப்பு கவுன்டர்ல முழிச்சுக்கிட்டு நிக்கறது நாமளா இருக்கும். வீடு பிடிக்கும்போதே கேட்டு, ரசீதை வாங்கி வெச்சுக்குங்க. (2025 மே 1 முதல் கட்டாயமான டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். அதுக்குக் காசு கேக்கற தளமெல்லாம் டுபாக்கூர்.)

லேப்டாப்ல வேலை செய்யறவங்களுக்கு 2024 ஜூலையில டி.டி.வி.னு ஒரு விசா கொண்டு வந்தாங்க. அஞ்சு வருஷம் செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள். 5 லட்சம் பாட் கையிருப்பு காட்டணும், நம்ம காசுல 12 லட்சத்துக்கு மேல. வெளியில இருந்துதான் விண்ணப்பிக்கணும். தாய் நிறுவனத்துக்கு வேலை செய்யறதுக்கு அது உதவாது. எல்லாருக்கும் எட்டற தொகை இல்லைன்னு எனக்கும் தெரியும், கோபமும் உண்டு. வருஷக்கணக்கா ஆயிரக்கணக்கான பேர் டூரிஸ்ட் விசாவில் உக்காந்து வேலை பார்த்ததுக்கு, அவங்களுக்குப் பொருந்தற விசா இல்லாததும் ஒரு காரணம். ஆனா அந்தக் கோபத்தைச் சோதனைச் சாவடி போலீஸ்காரர் கிட்ட விளக்க முடியாது. எட்டலைன்னா 60 நாள் இருந்துட்டு வாங்க. ஊரு எங்கேயும் ஓடிடாது.

தம்பிக்குத் தடை 2029 வரைக்கும். இடையில வேற ஒரு நாட்டு விசா விண்ணப்பத்துல "எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டது உண்டா?"ங்கிற கேள்விக்கு "ஆம்"னு டிக் பண்ணிட்டு, கீழே விளக்கம் எழுதித் தரச் சொல்லி என்கிட்ட வந்தான். ரெண்டு மணி நேரம் உக்காந்து எழுதினோம். ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிப் பார்த்தோம், எடுக்கலை. வாட்ஸப் ஸ்டேட்டஸ் மட்டும் தெரிஞ்சது: வியட்நாம், மூணு மாசம், கவலையே வேண்டாம்.