செத்த பிறகு கொடுப்பது கொடை அல்ல

எங்கள் ஊர்க் கோயிலில் 14 மின்விசிறிகள் இருக்கின்றன. கோயில் என்றுதான் சொல்வோம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டுச் சபைகளில் சர்ச்சுக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு விசிறியின் இறக்கையிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு பெயர், பக்கத்தில் ‘நினைவாக’, அதற்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள். சின்ன வயதில் பிரசங்கம் நீண்டால் அந்தப் பெயர்களை வாசிக்கப் பார்ப்பேன். விசிறி சுற்றும்போது ஒன்றும் தெரியாது. கரண்ட் போனால்தான் செத்தவர்கள் யார் யார் என்று தெரியவரும்.

பதினான்காவது விசிறியில் இருப்பது என் அத்தையின் பெயர். வாங்கிக் கொடுத்தவன் நான். இந்தக் கட்டுரை அந்த விசிறிக்கு எதிரானது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருஷமே விதவை. பிள்ளை இல்லை. பனை ஓலையில் பெட்டி முடைந்தே காலத்தைக் கழித்தாள். அறுபது தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் முதல் வரிசையில் தரையில் உட்காருவாள். ஐயர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

“எய்யா, ஐயர் என்ன சொல்லுதாருன்னே வெளங்க மாட்டேங்கு. எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிக்கேன். ஒரு காது மிஷின் வாங்கித் தாரியா?”

விசாரித்தேன். 28,000 ரூபாய். அப்போது என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை இல்லை, சின்னத் தொகையும் இல்லை. “ஏப்ரல்ல போனஸ் வரும் அத்தை, வந்ததும் வாங்கிருவோம்” என்று காதருகே கத்திச் சொன்னேன். “செரி எய்யா, ஆண்டவர் சித்தம்” என்றாள்.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தூக்கத்திலேயே.

இனிமேல்தான் விஷயம். அன்று சென்னையிலிருந்து வண்டியில் போகும்போதே சித்தப்பா மகன் கூப்பிட்டான். பெட்டி, பூ, ஃபிளெக்ஸ், சாப்பாடு, கல்லறைக்குக் கறுப்பு கிரானைட் என்று கணக்குச் சொன்னான். என் பங்கு 65,000. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபடியே ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மூன்றாம் மாதம் விசிறி. உயிரோடு இருந்தவளுக்கு 28,000 இல்லாமல் போன என் கணக்கில், செத்தவளுக்கு 65,000 எப்படி வந்தது? கேட்காத காதுக்குக் கொடுக்காத காசில், அந்தக் காதுக்கு நேர் மேலே கரகரவென்று சத்தம் போடும் ஒரு விசிறியை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இது என் தனிப்பட்ட அயோக்கியத்தனம் என்றால் இங்கே எழுத வேண்டியதில்லை, முழங்காலில் நின்று அழுதுவிட்டுப் போகலாம். ஆனால் இது எங்கள் பண்பாடு. நாங்கள் செத்தவர்களுக்குத் தாராளமானவர்கள்.

கிறிஸ்தவர்களைப் போல மரணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. சாம்பல் புதனன்று கத்தோலிக்க நண்பர்கள், நீ வெறும் மண், மண்ணுக்குத்தான் போகப்போகிறாய் என்ற நினைவூட்டலை நெற்றியிலேயே பூசிக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி விற்றே பல குடும்பங்கள் ஒரு வாரம் சாப்பிடும். எங்கள் சபைகளில் யாரும் ‘இறந்தார்’ என்று போஸ்டர் அடிப்பதில்லை. ‘நித்திரையடைந்தார்’, ‘மகிமைக்குள் பிரவேசித்தார்’. இவ்வளவு பேசுகிற நாங்கள் மரணத்தை நம்புகிறோமா? நம்பவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. நம்பியிருந்தால் ‘ஏப்ரல்ல பார்க்கலாம்’ என்ற வாக்கியம் எங்கள் வாயில் வராது. நான் ஏப்ரலில் இருப்பேன், கேட்டவளும் இருப்பாள், பணமும் இருக்கும் என்ற மூன்று பொய்களை ஒரே மூச்சில் நம்புகிறவன்தான் அப்படிச் சொல்ல முடியும்.

லூக்கா 12ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயி வருகிறான். விளைச்சல் கொட்டுகிறது, வைக்க இடமில்லை. பழைய களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போடுகிறான். அன்றிரவே செத்துப்போகிறான். ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்த கதைதான். ஆனால் அந்தக் கதை எப்படித் தொடங்குகிறது என்பதை யாரும் பேசமாட்டார்கள். ஒரு சொத்துத் தகராறில் தொடங்குகிறது. கூட்டத்தில் ஒருவன், என் அண்ணன் தம்பி பாகத்தைத் தரவில்லை, நீர் பஞ்சாயத்துப் பண்ணும் என்கிறான். இயேசு பஞ்சாயத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பதிலாக இந்தக் கதையைச் சொல்கிறார்.

அந்த விவசாயி திருடன் இல்லை. கூலியை ஏமாற்றியதாகக் கதையில் இல்லை. மழை பெய்தது, நிலம் விளைந்தது, சேமிக்க நினைத்தான். நம் ஊரில் அவனைப் ‘பொறுப்பானவன்’ என்பார்கள். அவன் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. கதையில் அவனோடு பேச இன்னொரு மனிதன் கிடையாது. தன்னிடமே கேட்கிறான், தானே பதில் சொல்கிறான். உயிரைத் ‘திருப்பிக் கேட்கிறார்கள்’ என்று வரும் இடத்தில் மூல கிரேக்கத்தில் இருப்பது, கொடுத்ததைத் திரும்பக் கேட்பதற்கான சொல். கடன் பாக்கிக்கும் பொருந்துகிற சொல். உயிரே கைமாற்றாக வாங்கியது. ஆள் தன்னுடையது என்று நினைத்துக் களஞ்சியம் கட்டிக்கொண்டிருந்தான்.

லூக்கா 16இல் இன்னொரு பணக்காரன். வாசலில் புண்ணோடு கிடக்கும் லாசருவை உயிரோடிருந்தவரை அவன் பார்த்ததாகவே தெரியவில்லை. செத்த பிறகுதான் பார்க்கிறான். செத்த பிறகுதான் அவனுக்கு மற்றவர்கள் மேல் கரிசனமும் வருகிறது. என் சகோதரர்களையாவது எச்சரியுங்கள் என்று கெஞ்சுகிறான். இந்தக் கதையை நரகத்தின் வெப்பநிலை பற்றிய தகவல் குறிப்பாக மாற்றிவிட்டோம். எனக்கு இப்போது அது வேறு மாதிரி கேட்கிறது. தாராளம் என்ற ஒன்று அவனுக்கும் வந்தது. நேரம் முடிந்த பிறகு வந்தது.

ஒரு சின்ன விஷயம். இயேசு சொன்ன கதைகளில் வரும் ஆட்களுக்குப் பொதுவாகப் பெயர் கிடையாது. கெட்ட குமாரனுக்கு இல்லை, நல்ல சமாரியனுக்கு இல்லை. இந்தப் பிச்சைக்காரனுக்கு மட்டும் பெயர் இருக்கிறது. பணக்காரனுக்கு இல்லை. நாங்கள் என்ன செய்கிறோம் என்றால், பணக்காரனின் பெயரை கிரானைட்டில் வெட்டி கோயில் வாசலில் பதிக்கிறோம். வாசலில் உட்கார்ந்திருப்பவரின் பெயர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

இதெல்லாம் பிற்காலத்துக் கஞ்சத்தனம், ஆதித் திருச்சபை வேறு மாதிரி இருந்தது என்று சொன்னால், “அந்தக் காலம்லாம் சும்மா கதை” என்பார்கள். ஒரு உதாரணம் தருகிறேன். இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரம், கி.பி. 250கள். கொள்ளைநோய். வீடு வீடாகச் சாவு. அங்கே பிஷப்பாக இருந்தவர் சிப்ரியான். பணக்காரக் குடும்பம், விசுவாசத்துக்கு வந்தபோதே சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தவர் என்று அவருடைய உதவிக்காரர் போன்தியுஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த நோய்க் காலத்தில் சிப்ரியான் மரணத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தருமம் செய்வதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். ஒரே கை. அந்தக் கைக்கு இரண்டும் தனித்தனித் தலைப்பு இல்லை என்றே நினைக்கிறேன். சாவைப் பற்றி யோசிக்கிறவன் அடுத்து யோசிக்க வேண்டியது கொடுப்பதைப் பற்றி. தங்களைத் துன்புறுத்திய அந்நியர்களுக்கும் உதவுங்கள் என்று சபையை உந்தினார். 258இல் அவரைத் தலைவெட்டிக் கொன்றார்கள். வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அவருடைய விசாரணைக் குறிப்பு சொல்கிறது. வெட்டுகிறவனுக்குக் கொடுத்தவர்கூட வெட்டுக்கு முன்பாகத்தான் கொடுத்தார்.

இப்போது எங்கள் மேடைகளைப் பாருங்கள். ‘விதைப்புக் காணிக்கை’. ஆயிரம் விதைத்தால் லட்சமாக அறுப்பாய். மரணம் என்ற சொல்லே அங்கே தடை. எல்லாம் பெருகும், எல்லாம் நீளும். லூக்காவின் அந்த விவசாயி அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தால் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்திருப்பார்கள். களஞ்சியம் பெரிசானதற்கு ஸ்தோத்திரம்!

சரி, ‘நான் கிறிஸ்தவன் இல்லை, இதெல்லாம் உங்க பிரச்சினை’ என்று சிரித்துக்கொண்டிருக்கும் நண்பரே, ஒரு நிமிஷம். ‘வாழ்க்கை ஒருமுறைதான்’ என்று ரீல்ஸ் போட்டுவிட்டு லடாக்குக்கு பைக் எடுக்கிறீர்களே, அதுவும் அந்த விவசாயியின் வாக்கியம்தான். சாப்பிடு, குடி, கொண்டாடு என்று தன் ஆத்துமாவுக்கு அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டான். சாவு வரும் என்று தெரிந்ததும் ஒருவன் தன் பட்டியலை எடுத்துப் பார்க்கிறான். இன்னொருவன் தன்னிடம் கேட்டவர்களின் பட்டியலை. முதல் ஆளை நான் திட்டவில்லை, நானும் லடாக் போனவன்தான். காது மிஷின் கேட்ட அதே வருஷம்.

கொடுக்கவே தெரியாத இன்னொன்றும் எங்களிடம் உண்டு: இடம். மரணம் எல்லோரையும் சமமாக்கும் என்று அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்வோம். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியதும் அதே பிரசங்கத்தைக் கேட்டவர்கள்தான். மண்ணுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்த மண்ணில்கூட ஆறடியைப் பங்கு வைக்க மனசில்லாதவர்கள். கத்தோலிக்கர்களைக் குறை சொல்லி நாங்கள் தப்பிக்க முடியாது. எங்கள் சபைகளிலும் சுவர் உண்டு, செங்கல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியாது.

என்மேல் இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, துக்கத்துக்கு ஒரு கல் வேண்டாமா? வேண்டும். என் அம்மாவுக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும் என்றால் ஒரு சிலுவையும் பெயரும் போதும். 65,000 ரூபாய் பளபளப்பு அவளுக்காகப் போட்டது இல்லை, ஊருக்காக. இரண்டு, நினைவு அறக்கட்டளைகளால் எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள்? படிக்கிறார்கள். அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பிள்ளைகள் வாங்கிக்கொள்ளட்டும். அதைக் கொடை என்று மட்டும் சொல்லாதீர்கள். செத்தவனுக்கு அந்தப் பணம் இனிமேல் தேவையில்லை. தேவையில்லாததைக் கொடுப்பதற்குப் பெயர் ஒதுக்குவது, பரண் சுத்தம் செய்வது மாதிரி. கொடை என்றால் கொடுத்த பிறகு எனக்கு ஒரு குறைச்சல் இருக்க வேண்டும். அந்தக் குறைச்சலை அனுபவிக்க நான் உயிரோடு இருக்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லித்தந்தது வேதாகமக் கல்லூரி இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் அத்தையின் வீட்டை ஒதுங்கவைத்தோம். அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஓர் ஓலைப்பெட்டி, அவளே முடைந்தது. உள்ளே முக்கால்வாசி அரிசி. கைப்பிடி அரிசி. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் அரிசி போடும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டுவைப்பார்கள். சேர்ந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் காசிலேயே ஊழியம் நடத்துவோம் என்று 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்க எங்கள் ஆட்களுக்குத் தைரியம் வந்ததென்றால், இப்படிக் கொடுத்துப் பழகிய வீடுகளை நம்பித்தான் வந்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது பிடியின் அளவை இல்லை, அதை எடுக்கும் நேரத்தை. சாப்பிட்டு மிஞ்சியதில் எடுப்பதில்லை. உலைக்கு முன்னால். பசியோடு இருக்கும்போது. ரேஷன் அரிசியில் ஒருவேளை ஆக்கி இரண்டு வேளை சாப்பிட்ட ஒருத்தி, தினமும் தன் சோற்றில் ஒரு பிடியைக் குறைத்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிரசங்கமும் காதில் விழாமலேயே.

சித்தப்பா மகன் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாலு கிலோ இருக்கும்ல?” என்றான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொட்டினோம். யாரும் பெயர் எழுதவில்லை. எழுத அதில் இடமும் இல்லை.

போன மாதம் சபைக் கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இனிமேல் நினைவுப் பொருட்களை வாங்க வேண்டாம், காது கேட்காத, கண் தெரியாத எங்கள் சபைக் கிழவிகளின் பட்டியல் ஒன்றை வாசலில் ஒட்டுங்கள், கொடுக்க நினைப்பவன் அதைப் பார்த்துக் கொடுக்கட்டும், பெயர் போட வேண்டாம் என்று. இன்னும் பதில் வரவில்லை. “எவம்ல பேரு போடாம குடுப்பான்?” என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நியாயமான கேள்வி. கடிதத்தோடு 28,000 ரூபாய் அனுப்பியிருந்தேன். எங்கள் தெருவில் இன்னொரு ஆச்சிக்குக் காது மந்தம்.

அத்தைக்கு இது பிராயச்சித்தம் ஆகாது, தெரியும். அவளுக்கான ஏப்ரல் முடிந்துவிட்டது. உங்களிடம் யாராவது ஏதாவது கேட்டிருப்பார்கள். நீங்களும் ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லியிருப்பீர்கள். அந்த ஆளுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள்.