சார்ஜரில் கண்ணுக்குத் தெரியாத காவல்

சுவர் பிளக்கில் 230 வோல்ட். கைப்பேசிக்கு வேண்டியது பெரும்பாலும் 5 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைத்திருந்தால் போதும், சார்ஜர் நல்ல சார்ஜர் என்று நம்புகிறோம். அது பாதி வேலைதான். சார்ஜருக்குள் நேர்மின்சாரமாக மாறும்போது அந்த 230 வோல்ட் ஏறத்தாழ 325 வோல்ட்டாக நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கும் நம் கை தொடும் பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பே கூடாது. இரண்டின் கிரவுண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆற்றலை மின்மாற்றி காந்தப்புலத்தின் வழியே கடத்துகிறது. வெளியீடு ஏறி இறங்கினால் அந்தத் தகவலைக்கூடப் பல சார்ஜர்களில் ஆப்டோகப்ளர் என்ற சில்லு ஒளியின் வழியேதான் திருப்பி அனுப்புகிறது. சீர்மையைவிட இந்தப் பிரிவினைதான் உயிரைக் காப்பது. சார்ஜரின் தரத்தை முதலில் இதை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போலி சார்ஜர்கள் கை வைப்பதும் இங்கேதான். சர்க்யூட் பலகையில் இரு பக்கங்களுக்கும் நடுவே விட வேண்டிய சில மில்லிமீட்டர் இடைவெளி சுருங்குகிறது. மின்மாற்றியின் காப்பு மெலிகிறது. மின்னிரைச்சலைக் குறைக்க இரு பக்கங்களையும் இணைக்கும் ஒய் வகை மின்தேக்கி, பழுதானாலும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்டது. அந்த இடத்தில் சாதாரண மின்தேக்கியை வைத்து அது ஷார்ட் ஆனால், வீட்டு மின்சாரம் கேபிள் வரை வந்துவிடும். அதுவரை மீட்டரில் 5 வோல்ட் சரியாகவே காட்டும் என்பதால், வாங்குபவரால் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது.

மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இருக்கிறதே என்பார்கள். அது அவசியம்தான், ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் அது இல்லை. பாதுகாப்பைக் கூட்டினால் ஏழைகளுக்கு விலை எட்டாது என்ற வாதமும் உண்டு. ஆனால் பலகையில் இடைவெளி விட வடிவமைப்பில் கவனம் போதும். சரியான மின்தேக்கிக்கு ஆகும் கூடுதல் செலவும் சொற்பம். 2012 ஆணையால் வந்த கட்டாயப் பதிவு விதி இருக்கிறதே என்றால், பதிவு எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எண்ணைச் சரிபார்க்கலாம்; ஆனால் உண்மையான எண்ணைத் திருடி ஒட்டியிருந்தால் அதுவும் உதவாது. எனவே கடைகளிலும் இணையச் சந்தையிலும் சார்ஜர்களை வாங்கிப் பிரித்துப் பார்த்து, இரு பக்கங்களுக்கும் இடையே 3000 வோல்ட் கொடுத்து, காப்பு தாங்குகிறதா என்று சோதிப்பதை அரசு பரவலாக்க வேண்டும். முடிவுகளைப் பெயருடன் வெளியிட வேண்டும். தேறாத சார்ஜருக்குத் தயாரித்தவரோடு விற்றவரும் பொறுப்பேற்க வேண்டும்.