குடிசையை விட்டு வந்தவர்

நம் எழுத்தாள நண்பர்கள் தோரோவை இன்னும் வால்டன் குளக்கரையிலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். 1845 ஜூலை 4ல் அங்கே குடிபோனவர் 1847 செப்டம்பர் 6ல் கிளம்பிவிட்டார் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். 28 டாலர் சொச்சத்தில் தன் கையால் கட்டிய வீட்டை விட்டார், புலம்பவில்லை. இரண்டரை ஏக்கரில் பீன்ஸ் போட்டவர், மறு வருஷமே அந்தப் பாட்டைக் குறைத்துக்கொண்டார். குடிசை பின்னால் தானியம் கொட்டிவைக்கும் இடமாயிற்று. அவர் அதைக் கோயிலாக்கவில்லை.

இதைத் தோல்வி என்பவர்கள் பழக்கத்தையும் லட்சியத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள். தன் தேவையைத் தானே பூர்த்தி செய்துகொள்வது அவருக்கு ஒரு பரிசோதனை. விடை கிடைத்தது; பரிசோதனை முடிந்தது. பிறகு ஊருக்குள் இருந்துகொண்டு, அப்பாவின் பென்சில் தொழிலுக்கும் கை கொடுத்துக்கொண்டு, புத்தகத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார். 'வால்டன்' வந்தது 1854ல். குடிசையை விட்டு ஏழு வருஷம் கழித்து.

நான் பாங்கு குமாஸ்தா. மொட்டை மாடியில் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டுக்கொண்டிருந்ததை இந்த வருஷம் நிறுத்திவிட்டேன். காலையில் இரண்டு மணி நேரம் திரும்பக் கிடைத்திருக்கிறது. துரோகம் என்கிறார் ஒரு நண்பர். செடித் தொட்டிகளைக் காட்டி, எழுதாமலிருப்பதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதுதான் துரோகம்.