நாளைக்கு என்று இன்றே வாங்காதீர்கள்

பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் இடம் உறுதியானதும் தமிழ்நாட்டுக் குடும்பங்களை எதிர்கொள்ளும் அடுத்த பெரிய செலவு லேப்டாப். அந்த வாரங்களில் கடைக்காரர், ஐடி வேலையில் இருக்கும் உறவினர், மேல்வீட்டு அண்ணன் என்று யாரைக் கேட்டாலும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது. "வாங்குறதுதான் வாங்குறீங்க, ஒரே தடவையா பெருசா வாங்கிடுங்க. ஐ7 எடுங்க, கிராபிக்ஸ் கார்டும் இருக்கட்டும். அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்." ஐம்பதாயிரத்துக்குள் முடித்திருக்கக்கூடிய குடும்பம் எண்பதாயிரத்துக்குக் கடன் சீட்டில் கையெழுத்துப் போடுவது இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான். சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே அதை யாரும் மறுத்துக் கேட்பதில்லை. மறுத்தாக வேண்டும். கணினிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கூடுதல் ஆயுளை வாங்கித் தரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. எதிராகத்தான் ஆதாரம் குவிந்து கிடக்கிறது.

முதலில் அந்த ஐ3, ஐ5, ஐ7 என்ற ஸ்டிக்கரை எடுத்துக்கொள்வோம். எண் கூடினால் வேகமும் அதே அளவில் கூடும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அந்த எண் ஒரே தலைமுறையைச் சேர்ந்த பிராசஸர்களுக்குள் உள்ள வரிசையை மட்டுமே சொல்கிறது, அதையும் ஒழுங்காகச் சொல்வதில்லை. இன்டெல் 2016-இல் வெளியிட்ட ஐ7-7500யு பிராசஸருக்கு இரண்டே கோர்கள். அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யு-வுக்கு நான்கு. முந்தைய ஆண்டு "பெருசா" வாங்கியவரை மறு ஆண்டு நடுத்தரமாக வாங்கியவர் குறைந்த விலையில் முந்திவிட்டார். ஒரே தலைமுறைக்குள்ளும் கதை இதுதான். 2022-இல் வந்த ஐ5-1235யு, ஐ7-1255யு இரண்டிலும் கோர்கள் பத்து. உச்ச வேகம் ஒன்றில் 4.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.7. இணையத்தில் தேடும்போதோ கட்டுரை தட்டச்சு செய்யும்போதோ இந்த இடைவெளியைக் கையால் உணரவே முடியாது. அதே தலைமுறையின் ஐ5-1240பி-யில் பன்னிரண்டு கோர்கள். அந்த ஐ7-ஐவிட இரண்டு அதிகம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசையும் விதிவிலக்கல்ல. 7000 வரிசை என்று புதிதுபோல விற்கப்பட்ட ரைசன் 5 7520யு-வின் உள்ளே இருப்பது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. முழு மாடல் எண்ணைப் பார்க்காமல் ஸ்டிக்கரை நம்பிக் கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரமும் பெயருக்குக் கொடுக்கும் பணம்.

"வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டாலும் நீடித்து உழைக்குமே" என்பார்கள். இந்த வாதத்தைத்தான் நிதானமாகப் பரிசீலிக்க வேண்டும், ஏனென்றால் பணம் கைமாறுவது இதன் பேரில்தான். 2021 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-ஐ வெளியிட்டபோது, இன்டெல் கணினிகளில் ஒரு சில விலக்குகள் தவிர எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஆதரிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2017-இல் விலை உயர்ந்த கேமிங் லேப்டாப்களில் இருந்த ஐ7-7700ஹெச்க்யூ, நான்கு கோர்கள் கொண்ட வலுவான பிராசஸர், பட்டியலுக்கு வெளியே நின்றது. 2018-இல் மலிவு லேப்டாப்களில் வந்த ஐ3-8130யு, இரண்டே கோர்கள் கொண்டது, பட்டியலுக்கு உள்ளே போனது. வலிமையானது கைவிடப்பட்டது, எளியது ஏற்கப்பட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தபோது, எதிர்காலத்துக்கு முன்பணம் கட்டியதாக நினைத்தவர்களுக்கு அந்தப் பணத்தால் ஒரு பயனும் இல்லை. லினக்ஸ் போட்டால் ஓடும் என்பது உண்மைதான். லினக்ஸ் அந்த ஐ3-யிலும் ஓடும். எதிர்காலத்தில் எது தேவைப்படும் என்பதை வாங்குபவர் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்கும் நிறுவனங்கள் நம் ரசீதில் உள்ள தொகையைப் பார்ப்பதில்லை.

லேப்டாப்கள் எப்படிப் பயனற்றுப் போகின்றன என்று எந்த சர்வீஸ் கடையிலும் விசாரித்துப் பார்க்கலாம். பேட்டரி உப்பிவிடும், கீல் உடையும், சார்ஜிங் முனை ஆடும், கீபோர்டில் தேநீர் கொட்டும், திரையில் கோடு விழும். பிராசஸர் போதவில்லை என்று மூலையில் போடப்படும் கணினி அரிது. விலை கூடிய கேமிங் லேப்டாப்பில் இந்தச் சிக்கல்கள் குறைவதும் இல்லை. அதன் எடை பெரும்பாலும் இரண்டு கிலோவுக்கு மேல், செங்கல்போன்ற சார்ஜர் தனி. பேட்டரி சீக்கிரம் இறங்குவதால் வகுப்பில் பிளக் இருக்கும் பெஞ்சைத் தேட வேண்டும். வெப்பம் அதிகம், விசிறியில் தூசி அதிகம். ஹாஸ்டலுக்கும் வகுப்புக்கும் தினமும் தூக்கி நடக்கும் மாணவருக்கு இது வசதியே அல்ல.

அப்படியானால் பணத்தை எங்கே போடுவது? செய்யப்போகும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். சி, பைதான், ஜாவா நிரல்கள், எக்செல், டேலி, பாட வீடியோக்கள், பிராஜெக்ட் அறிக்கை ஆகிய அனைத்துக்கும் சமீபத்திய ஐ3 அல்லது அதற்கு நிகரான ரைசன் தாராளமாகப் போதும். உண்மையில் கணினியை இழுத்துப் பிடிப்பது ராம் பற்றாக்குறை. பிரௌசரில் இருபது தாவல்கள் திறந்திருக்கும்போது 8 ஜிபி திணறும், 16 ஜிபி திணறாது. எந்த பிராசஸர் இருந்தாலும் இதுவே நிலை. ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் பின்னால் கூட்ட முடியாது என்பதையும் வாங்கும்போதே கேட்க வேண்டும். 2025 இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ராம் விலை வேகமாக ஏறியதைப் பார்த்த பிறகு, "அப்புறம் மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று இதில் மட்டும் நான் சொல்லமாட்டேன். ஐ7-க்குப் போகும் பணத்தை ராமுக்கும், கண்ணை வருத்தாத திரைக்கும், ஊரிலேயே சர்வீஸ் மையம் உள்ள நிறுவனத்துக்கும் திருப்புவதே நியாயம்.

இப்போது புதிதாக ஓர் அச்சமும் விற்கப்படுகிறது: ஏஐ வந்துவிட்டது, ஏஐ லேப்டாப் இல்லையென்றால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று. 2024-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளுக்கு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் தனிச் சில்லு வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் மாணவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் சாட்ஜிபிடியும் ஜெமினியும் எங்கோ இருக்கும் சர்வர்களில் இயங்குபவை. அவற்றுக்கு இந்தச் சில்லால் ஒன்றும் ஆவதில்லை. மெஷின் லேர்னிங் பாடம் எடுப்பவர்களுக்கும் கூகுள் கோலாப் இலவசமாகவே கிராபிக்ஸ் சில்லைத் தருகிறது.

"எங்களால் ஒரு முறைதான் வாங்க முடியும், மறுபடி பணம் புரட்ட முடியாது" என்ற மறுப்பு இவை எல்லாவற்றையும்விட கனமானது. அதை நான் மதிக்கிறேன். ஒரு முறைதான் முடியும் என்பதனால்தான் எல்லாப் பணத்தையும் முதல் நாளே கொட்டக் கூடாது. மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றவும், உடைந்த திரையைச் சரிசெய்யவும் கையில் இருக்கும் பத்தாயிரம், முதல் நாள் வாங்கிய ஐ7-ஐவிட அதிகமாக அந்தக் கணினியைக் காப்பாற்றும். வட்டியில்லா ஈஎம்ஐ இந்தச் சுமையைக் குறைக்கிறது என்பதும் முழு உண்மையல்ல. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, அது வேறு கட்டணமாக மறைந்து வருகிறது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளைக் கண்டித்தது.

மிக மலிவானதை வாங்குங்கள் என்பது என் வாதமல்ல. செலரான் பிராசஸர், 4 ஜிபி ராம், மெதுவான இஎம்எம்சி சேமிப்பு கொண்ட லேப்டாப்கள் முதல் ஆண்டிலேயே பொறுமையைச் சோதிக்கும். அங்கே மிச்சம் பிடிப்பது நஷ்டம். கட்டடக்கலை, அனிமேஷன், வீடியோ எடிட்டிங் படிப்பவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டு வேலைக்கான கருவி. அவர்கள் வாங்கத்தான் வேண்டும். பிகாமில் சேரும் பிள்ளைக்கு அதே கருவியை விற்பதைத்தான் கண்டிக்கிறேன்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி திறக்கும் முன்பே கடைக்கு ஓடாதீர்கள். அதே துறையில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவரிடம் எந்த மென்பொருள்களை உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். தாளில் இல்லாத வேலைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.