காயம்பட்ட காவலரின் கோப்பு

பணியில் உயிரிழக்கும் காவலரின் குடும்பத்துக்கு உரிய இழப்பீடு பெரும்பாலும் ஒரே அறிவிப்பில் தெரிந்துவிடும். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்டார் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிச் சென்று வெட்டுப்பட்டு இறந்தார் நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன். இரு குடும்பங்களுக்கும் தமிழக அரசு தலா 1 கோடி ரூபாய் அறிவித்தது. இடையில் ஆட்சி மாறியது; தொகை மாறவில்லை. காயத்தோடு உயிர் பிழைத்தவரின் நிலை வேறு. அவருக்குச் சேர வேண்டியது விடுப்பு விதி, ஓய்வூதிய விதி, மாற்றுத்திறனாளிகள் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடித் திரட்டும் வேலையும் அடிபட்டவருடையதுதான்.

முதலில் வருவது விடுப்பு. அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதிகளில் 83-வது விதி, பணியின் காரணமாகத் தாக்கப்பட்டு முடங்கியவருக்குத் தனி விடுப்பு தருகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு 83-ஏ. அதிகபட்சம் 24 மாதங்கள். முதல் 4 மாதங்களுக்கு முழுச் சம்பளம், அதன் பிறகு பாதி. சொந்த விடுப்புக் கணக்கில் கைவைக்காத இந்த விதி ஒருவகையில் தாராளமானது. ஆனால் கணுக்கால் நொறுங்கிய காவலர் நான்கு மாதத்தில் எழுந்து நடக்கலாம். ஓடும் திருடனைத் துரத்த முடியாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தொழிலாளர் சட்டம், பணியில் காயமடைந்த காவலருக்கு ஓராண்டு வரை முழுச் சம்பளம் தருகிறது. இங்கே இன்னொரு நிபந்தனையும் உண்டு: முடக்கம், சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் வெளிப்பட வேண்டும். கல்லடிபட்டுத் தலையில் தையல் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பியவருக்கு ஐந்தாம் மாதம் பார்வை மங்கினால், விதியைத் தளர்த்த மேலதிகாரி மனம் வைக்க வேண்டும்.

அடுத்தது, காயம் பணியில்தான் ஏற்பட்டது என்ற நிரூபணம். 1861-ம் ஆண்டின் காவல் சட்டம், 22-வது பிரிவில், காவல் அதிகாரி எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. வேலை வாங்கும்போது நினைவுக்கு வரும் இந்த வாசகம், இழப்பீடு கேட்கும்போது மறந்துபோகிறது. அந்த நேரத்தில் அவர் எந்தப் பணியில் இருந்தார், யார் அனுப்பினார் என்ற கேள்விகள் எழும். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், முதல் தகவல் அறிக்கை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். பந்தோபஸ்து முடிந்து இரவில் பைக்கில் வீடு திரும்பும் வழியில் லாரி மோதினால், அது பணியா வீட்டுப் பயணமா என்பதிலேயே கோப்பு நின்றுவிடலாம். மருத்துவமனைச் சீட்டில் ‘கீழே விழுந்தார்’ என்று அவசரத்தில் எழுதப்படும் இரண்டு சொற்கள் பின்னால் பெரிய தொகையை விழுங்கிவிடும்.

நிரூபித்த பிறகு வருவது இயலாமையின் வகையும் சதவீதமும். மத்திய அரசு ஊழியர்களுக்கான அசாதாரண ஓய்வூதிய விதிகள் முதலில் 1939-ல் எழுதப்பட்டவை. மரணத்தையும் இயலாமையையும் அவற்றின் காரணத்தை வைத்து ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிப்பது 2000-ல் வந்தது. பணி விபத்து ஒரு வகை. சமூக விரோதிகள், பயங்கரவாதிகளின் தாக்குதல் இன்னொரு வகை. போர் போன்ற நிலை வேறொன்று. எந்த வகையில் கோப்பு விழுகிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் பணிக் காயத்தால் வெளியேற நேர்பவருக்கு, 2016 முதல், 100 சதவீத இயலாமைக்கு 20 லட்சம் ரூபாய். சதவீதம் குறையக் குறையத் தொகையும் குறையும்.

அந்தச் சதவீதத்தை மருத்துவக் குழு சொல்கிறது. உடலை அளக்கும் அதன் கணக்கும் வேலையை அளக்கும் கணக்கும் ஒன்றல்ல. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம்; அதே கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் தொடரலாம். காவலர் இந்த இருவருக்கும் நடுவில் நிற்கிறார். ஆள்காட்டி விரல் போனால் உடல் கணக்கில் அது சிறு எண். துப்பாக்கி பிடிப்பவருக்கு அப்படியல்ல. சம்பளம் தொடர்வதால் வருமான இழப்பு இல்லை என்று எழுதிவிடுவது எளிது.

வாகனம் மோதிக் காயமடைந்தவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். 2022 ஏப்ரல் முதல் அதற்கு 6 மாதக் கெடு உண்டு. மோதிய வண்டி நிற்காமல் போய் அடையாளமும் தெரியாவிட்டால், கொடுங்காயத்துக்குக் கிடைப்பது 50,000 ரூபாய். இரவு வாகனச் சோதனையில் நிற்பவருக்கு இது ஏட்டளவிலான ஆபத்து அல்ல.

பணத்தைவிடப் பெரிய இழப்பீடு, வேலை. சிறப்பு சேவைப் படையில் காவலராக இருந்த குணால் சிங், பணியில் அடிபட்டு இடது காலை இழந்தார். 1998-ல் படை அவரைத் தகுதியற்றவர் என்று வெளியே அனுப்பியது. ஓய்வூதியம்தான் தருகிறோமே என்ற வாதத்தை 2003-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரால் செய்யக்கூடிய வேறு பணியை, அதே சம்பளத்தில், கொடுக்க வேண்டும் என்றது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு இந்தப் பாதுகாப்பைத் தொடர்கிறது. ஆனால் 2021 ஆகஸ்ட்டில் மத்திய அரசு, மத்திய ஆயுதப் படைகளின் களப் பணியிடங்களுக்கு அந்தப் பிரிவிலிருந்து விலக்கு அளித்தது. குணால் சிங்கின் படை இன்று சசஸ்திர சீமா பல். அதுவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தீர்ப்பு வாங்கிய படையிலேயே தீர்ப்பின் பயன் சுருங்கியது. மாநிலக் காவலருக்கு இந்த விலக்கு தானாகப் பொருந்தாது.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத காயம். அமெரிக்காவில் 1976-ல் வந்த பொதுப் பாதுகாப்பு அலுவலர் பலன் சட்டம் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 டாலர் மட்டுமே தந்தது. நிரந்தரமாக, முழுமையாக முடங்கியவர் 1990-ல்தான் அதற்குள் வந்தார். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலில் சுமார் 140 காவலர்கள் காயமடைந்தார்கள். அங்கே பணியாற்றிய சிலர் பின்னர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2022-ல் திருத்தப்பட்ட சட்டம், பணியில் நேர்ந்த கொடுமையால் வரும் மனப் பாதிப்பையும் பணிக் காயமாக ஏற்றது.

இந்தியாவில் 2016-ம் ஆண்டுச் சட்டம் மனநோயையும் இயலாமைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மனநலப் பாதிப்புக்கு உள்ளான மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கையை 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போதைய பணிக்கு அவர் ஏற்றவரல்ல என்று தெரிந்தால் துப்பாக்கி தேவைப்படாத வேறு பணியில் அமர்த்தலாம். சம்பளத்தையும் பணி நிபந்தனைகளையும் குறைக்கக் கூடாது என்றது தீர்ப்பு.